ஏறி முடியாத மேடு

ரெண்டு படத்தையும் இப்படிக் காட்டு அம்மிணி. இரு, கண்ணாடி போட்டுக்கறேன். இந்தக் கறுப்பு பாக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா படத்தப் பாத்து சைக்கிள் வாங்காத. படத்தப் பாத்து மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்ற மாதிரிதான் அது. நான் அப்படிச் சொன்னவதான், அதனால சொல்றேன்.

உக்காரு. அவரு மார்க்கெட்டுக்குப் போயிருக்காரு. ஒவ்வொரு வெண்டைக்காயா ஒடச்சுப் பாத்து வாங்கற ஆளு, வர நேரமாகும். எங்கூட்டுல நின்ன எடத்துலயே மிதிக்கற சைக்கிள் இருக்குதுன்னு வாட்ச்மேன் சொன்னானா? ஆமா இருக்குது, உள்ரூம்புல. பொறவு காட்டறேன். முதல்ல எதுக்கு வாங்கறேன்னு சொல்லு. உன் வீட்டுக்காரருக்குத் தொப்பையா? சரி. தொப்பைக்குன்னா எதை வேணாலும் வாங்கலாம். நான் தொப்பைக்கு வாங்கல.

எங்கூட்டுக்காரர நீ லிஃப்ட்ல பாத்திருப்ப. ஒல்லியா, நரைச்ச மீசை. எல்லாத்துக்கும் குட்மார்னிங் சொல்லுவாரு. நாச்சிமுத்து சார்னா இந்த அப்பார்ட்மெண்ட்ல தங்கமான மனுசன். வெளிய எல்லாரும் தங்கந்தான். மில்லுல பர்ச்சேஸ் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனாரு. ரிட்டயர் ஆனதும் சைக்கிள் பைத்தியம் புடிச்சுது. ரோட்டுல ஓட்டற சைக்கிள், மெல்லிசா, கையில தூக்கினா காத்து மாதிரி இருக்கும். ஒரு க்ளப்பு. ஞாயித்துக்கிழமை வெடியறதுக்கு முன்னால கெளம்பிருவாங்க. மருதமலை, சிறுவாணி, பொறவு குன்னூர் மலை. 'மேல போய் நின்னு கீழ பாத்தா, வசந்தா, பட்ட கஷ்டமெல்லாம் மறந்துரும்'பாரு. நான் என்ன கண்டேன். என்னை ஒரு நாளும் கார்ல கூட அங்க கூட்டிட்டுப் போனதில்ல.

அதுக்கெல்லாம் எனக்குக் கோவம் இல்ல. ஆம்பளைக்கு ஒரு சோலி வேணும். சீட்டாடாம குடிக்காம சைக்கிள்தான மிதிக்கறாரு. அப்படித்தான் நானும் சொல்லிட்டிருந்தேன், போன மாசி வரைக்கும்.

மாசியில ஒரு ஞாயித்துக்கிழமை வெடியாலே எங்கம்மா போயிட்டாங்க. அன்னூர்ல, அண்ணன் வீட்டுல. தூக்கத்துலயே. அண்ணன் கூப்பிட்டுச் சொன்னப்ப இவரு கெளம்பிப் போயிட்டாரு. ஃபோன் பண்றேன், எடுக்கல. மறுபடி பண்றேன், எடுக்கல. 'அம்மா போயிட்டாங்க, அன்னூருக்கு வாங்க'ன்னு மெசேஜ் போட்டுட்டு, பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா கார்ல நான் மட்டும் போனேன்.

ஒரு எழவு வீட்டுல, பெத்தவளப் பறிகொடுத்தவளப் பாத்து எத்தன பேர் ஒரே கேள்வி கேக்க முடியும்னு நெனைக்கற? அம்மா மேல விழுந்து அழுதுட்டிருக்கேன், முதுகத் தட்டி, 'மாப்பிள்ளை எங்க அம்மிணி?' மூக்கத் தொடச்சுட்டு நிமுந்தா இன்னொருத்தி, 'மாப்பிள்ளை வரலியா?' எங்க மொறையில மூத்த மாப்பிள்ளை பொணத்து மேல கோடித்துணி போடோணும். அதுக்காக எல்லாரும் காத்துட்டு நின்னாங்க. மாசி வெயிலு. அண்ணன் சென்னியப்பன் பந்தல்ல இருந்து ரோட்டுக்கும், ரோட்டுல இருந்து பந்தலுக்கும் நடக்கறான். கடைசியா எங்கிட்ட வந்து, 'இனி வெச்சிருக்க முடியாது'ன்னான். தங்கச்சி வீட்டுக்காரரு கோடி போட்டாரு. அந்தாளுக்கும் எங்கம்மாவுக்கும் பேச்சே கெடையாது. சாகற வரைக்கும் எங்கம்மா 'நாச்சிமுத்துதான் என்ர மூத்த மகன்'னு சொல்லிட்டிருந்தாங்க.

இவரு நேரா சுடுகாட்டுக்கு வந்தாராம். நெருப்பு வெச்ச பொறவு. தொடையோட ஒட்டின டவுசரு, மஞ்சக் கலர் பனியன், தலையில ஹெல்மெட்டு. நான் பாக்கல, பொம்பளைங்க அங்க போறதில்ல. அண்ணன் வந்து சொன்னான், 'உன் வீட்டுக்காரரு சர்க்கஸ்ல இருந்து வந்திருந்தாரு'ன்னு.

என்னங்க ஆச்சுன்னு கேட்டேன். 'மலையில சிக்னல் இல்ல வசந்தா. எறங்கி வந்துதான் பாத்தேன்'னாரு. கண்ணெல்லாம் செவந்து இருந்துச்சு. நம்பினேன். மலையில சிக்னல் இருக்காதுதான.

காப்பி ஆறுது பாரு, குடி.

காரியத்தன்னிக்கு அந்த க்ளப்பு ஆளுங்க வந்தாங்க. அதுல ஹரிபாபுன்னு ஒரு பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை, நல்ல பையன், சூது வாது இல்ல. எலை போட்டு உக்கார வெச்சேன். அவன் சாப்பிட்டுட்டே சொல்றான், 'சாரோட மன உறுதி யாருக்கும் வராதுங்க ஆன்ட்டி. பர்லியார் டீக்கடையிலயே உங்க மெசேஜப் பாத்துட்டாரு. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தாரு. திரும்பிரலாம் சார்னு நாங்க எல்லாம் சொன்னோம். இல்ல ஏறிரலாம்னு எந்திரிச்சாரு. ஒரு எடத்துல நிக்கலீங்க. குன்னூர் வரைக்கும் ஏறி முடிச்சாரு.' என்னமோ மெடல் குடுக்கற மாதிரி சொல்றான். சொல்லிட்டு ஃபோன்ல படத்தைக் காட்டறான். மேல, குன்னூர்ல, எல்லாரும் தோள் மேல கை போட்டுட்டு. நடுவுல இவரு. சிரிச்சுட்டு.

பர்லியார் எங்க இருக்குது, தெரியுமா உனக்கு? பாதி மலை. திரும்பி எறங்குனா மேட்டுப்பாளையம். ஒரு கார் புடிச்சா கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள அன்னூரு. கோடி போட்டிருக்கலாம். தோள் குடுத்திருக்கலாம். சேதி தெரிஞ்சு, டீ குடிச்சு, மேல ஏறிப் போய் சிரிச்சிருக்காரு.

நான் அந்தப் பையனப் பாத்து, 'இன்னொரு வடை வெக்கட்டுமா கண்ணு?'ன்னு கேட்டேன். வெச்சேன்.

அவருகிட்ட நான் கேக்கல. அன்னிக்கும் கேக்கல, மறுநாளும் கேக்கல. ஏன்னு கேளு. கேட்டா ஒரு பதில் சொல்லுவாரு. பதில் சொல்லிட்டா அது முடிஞ்சு போயிரும். ரெண்டு நாள் மொகத்தைத் தூக்கி வெச்சிருந்துட்டு மூணாம் நாள் ரசம் வெச்சுக் குடுக்கோணும். அவ்வளவு சீக்கிரம் முடிய விட மாட்டேன்னு இருந்தேன்.

ஆடிக் காத்து எனக்கு ஒத்தாசை பண்ணுச்சு. தடாகம் ரோட்டுல மண்ணுல சறுக்கி விழுந்து தோள்கிட்ட காறை எலும்ப ஒடச்சுட்டு வந்தாரு. கட்டுப் போட்ட டாக்டரு, 'நான் சொல்ற வரைக்கும் ரோட்டுல ஓட்டக் கூடாது. கையத் தாங்கற தொட்டில் கட்டு அவுத்த பொறவு வீட்டுக்குள்ள நிக்கற சைக்கிள் மெதுவா ஓட்டலாம்'னாரு. இவரு கொழந்த மாதிரி மூஞ்சிய வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. நான் சொன்னேன், 'வாங்கிரலாங்க. நானே போய்ப் பாத்து வாங்கியாறேன்.' அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. கைய வேற புடிச்சுட்டாரு. எடது கையால.

கடைக்கு நான் மட்டுந்தான் போனேன். ஒரு கடையில்ல, மூணு கடை ஏறி எறங்கினேன். இப்ப உனக்குச் சொல்றேன் கேட்டுக்கோ, இந்தச் சோலிதான கேக்க வந்த. ஒண்ணு நிமுந்து உக்காந்து ஓட்டறது, பெரிய சீட்டு, வயசானவங்களுக்கு. இன்னொண்ணு சாஞ்சு உக்காந்து காலை முன்னால நீட்டி மிதிக்கறது, முதுகுக்கு மெத்தை எல்லாம் இருக்கும். கடைக்காரப் புள்ள, 'தோள்ல அடின்னா இதுதாங்கம்மா சொகம்'னுச்சு. சொகம் வேண்டாம் கண்ணுன்னேன். மூணாவது, நெசமான சைக்கிள் மாதிரி குனிஞ்சு ஓட்டறது, முன்னால கனமா ஒரு இரும்புச் சக்கரம். அதுதான்னு முடிவு பண்ணேன்.

அதுலயும் ரெண்டு வகை. ஒண்ணுல கம்பளித் துண்டு மாதிரி ஒண்ணு சக்கரத்த அமுக்கும், கையால திருகி டைட் பண்ணோணும். வெலை சல்லிசு, ஆனா தேயும், கிறீச்சுன்னு சத்தம் வரும். இன்னொண்ணு காந்தம். சக்கரத்தத் தொடாமயே இழுத்துப் புடிக்கும். கிறீச்சுங்கற சத்தமே கெடையாது. அதுல ஒரு வண்டிய அந்தப் புள்ள ஃபோன வெச்சு இறுக்கத்த ஏத்தி எறக்கிக் காட்டுச்சு. சமதரை, இப்படித் தள்ளினா மேடு, இன்னும் தள்ளினா மலை. நான் கேட்டேன், 'வீட்டுல யாரோட ஃபோன்ல இருந்து வேணாலும் ஏத்தலாமா?' 'ஏத்தலாங்கம்மா.' 'ஓட்டறவருக்குத் தெரியுமா?' அந்தப் புள்ள ஒரு மாதிரி பாத்துட்டு, 'கால்ல தெரியுங்கம்மா'ன்னுச்சு. அதையே கட்டச் சொல்லிட்டேன்.

ஃபிட்டர் வந்து மாட்டினப்ப பக்கத்துலயே நின்னு கத்துக்கிட்டேன். நீயும் கத்துக்கோ. சைக்கிள் பக்கத்துல நின்னா சீட்டு உன் இடுப்பெலும்பு ஒசரத்துக்கு இருக்கோணும். ஏறி உக்காந்து குதிகால பெடல்ல வெச்சா, அடியில போறப்ப கால் நேரா நீளோணும். அப்பறம் முன்பாதத்துல மிதிச்சா முட்டி லேசா மடங்கும், அதுதான் சரி. சீட்டு தாழ்ந்துச்சுன்னா முட்டி போயிரும். ஒசந்தா இடுப்பு ஆடும். ஹேண்டில்பார் ஆரம்பத்துல ஒசரமாவே இருக்கட்டும். கீழ தடியா ரப்பர் பாய் போடு, இல்லாட்டி கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க.

அளவுல நான் ஒரு தப்பும் பண்ணல. அவர நிக்க வெச்சு, இடுப்புல கை வெச்சுப் பாத்து, ஏத்தி எறக்கி, நானே திருகினேன். முட்டி வலிக்குதா, தோள் இழுக்குதான்னு நூறு தடவ கேட்டேன். இவரு, 'உனக்கு எதுக்கு வசந்தா இவ்வளவு சிரமம்'ங்கறாரு. சிரமம் எதுக்கா. முட்டி வலிச்சா எறங்கிருவாரில்ல. தோள் வலிச்சா எறங்கிருவாரு. வேற எந்தக் காரணத்துக்கும் அவரு எறங்கக் கூடாது. மேடு ஒண்ணுதான் வலிக்கோணும்.

வெச்சது எங்கன்னா, சன்னல் இல்லாத செவுத்தப் பாத்து. மேல போய்க் காட்சி பாக்கற மனுசன். பாக்கட்டும்.

அப்பறம் தெனமும் காலையில நடந்துச்சு. அவரு உள்ள ஏறி உக்காருவாரு. நான் சமையல்ரூம்புல. அடுப்புல சட்னிக்கு வதங்கிட்டிருக்கும், பக்கத்துல ஃபோன். கொஞ்ச நேரம் சமதரையா விடுவேன். சக்கரம் விர்ருன்னு போற சத்தம் கேக்கும். அப்பறம் ஒரு தள்ளு. இன்னொரு தள்ளு. மூச்சு வாங்கறது இங்க வரைக்கும் கேக்கும் அம்மிணி. அந்த மூச்சை வெச்சே சொல்லிருவேன், இப்ப தொடை எரியுது, இப்ப தண்ணி குடிக்கறாரு, இப்ப முடிக்கலாம்னு நெனைக்கறாருன்னு. முடிக்கலாம்னு நெனைக்கறப்ப இன்னொரு தள்ளு. மேல போய்ச் சேரக் கூடாது. அவரு எங்கயும் போய் நின்னு சிரிக்கக் கூடாது.

தலை தொவட்டிட்டு வந்து இட்லி முன்னால உக்காருவாரு. 'இன்னிக்கு நல்ல மேடு வசந்தா'ம்பாரு. 'அப்படீங்களா'ம்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் குறை சொல்லல. மெஷின் ரிப்பேரோன்னு ஒரு தடவ கேக்கல. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலு.

இதுல கொடுமையப் பாரு, அவருக்கு ஒடம்பு தேறிருச்சு. பிரஷர் எறங்கிருச்சு. டாக்டரு, 'உங்க வீட்டம்மாவுக்கு ஒரு சல்யூட் சார்'ங்கறாரு. நான்தான் எங்கயும் போக முடியாம ஆயிட்டேன். தங்கச்சி பழனிக்குக் கூப்பிட்டா, போகல. ராஜாமணி அக்கா மக வளைகாப்பு, போகல. நான் போயிட்டா காலையில யாரு ஏத்தறது?

ஐப்பசியில டாக்டரு ரோட்டுல ஓட்டலாம்னு சொல்லிட்டாரு. ஹரிபாபு வந்து கூப்பிட்டான். இவரு, 'வீட்டுலயே பழகிருச்சுப்பா, அப்பறம் பாக்கலாம்'னாரு. அந்தப் பையன் என்னைப் பாத்து, 'ஆன்ட்டி, சாரைக் கட்டிப் போட்டுட்டீங்க'ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

கார்த்திகை முடியறப்ப ஒரு நாள் காலையில அண்ணன் ஃபோன் பண்ணான். அவரு உள்ள ஓட்டிட்டிருக்காரு. மாசியில அம்மாவுக்கு வருசத் திதி வருதில்ல, அதப் பேசறதுக்கு. பேசிட்டே வந்தவன், 'மாப்பிள்ளைக்கு மலையில சோலி இருந்தா சிரமப்பட வேண்டாம்னு சொல்லு'ன்னான். எனக்கு மேலெல்லாம் பத்திக்கிச்சு. அண்ணன் லைன்ல இருக்கறப்பவே ஃபோன்ல மேட்ட அந்தக் கடைசிக்குத் தள்ளினேன். தள்ளிட்டு பால்கனிக்குப் போயிட்டேன். அண்ணனோட சண்டை. அவரப் பேச நீ யாரு, எங்கம்மாவுக்கு ஆசுபத்திரிக்கு அலைஞ்சவரு யாரு, உன் பையன் காலேஜு சீட்டுக்கு நடந்தவரு யாருன்னு. எவ்வளவு நேரம் பேசினேன்னு எனக்குத் தெரியாது. உள்ள ஒருத்தர் மலையில இருக்காருங்கறதே மறந்து போச்சு.

வெச்சுட்டு உள்ள வந்தா வீடு அமைதியா இருக்குது. மூச்சுச் சத்தம் வேற மாதிரி கேக்குது. ஓடினேன். எந்திரிச்சு நின்னு மிதிச்சுட்டிருக்காரு. மிதிக்கறதுன்னா என்ன, ஒரு பெடலு கீழ போறதுக்கு அவ்வளவு நேரம். பனியன் பிழிஞ்சாப்ல. ஒதடு வெளுத்துப் போச்சு. 'எறங்குங்க'ன்னேன். எறங்கல. ஃபோன்ல எதை அமுக்கறேன்னே தெரியல. ஒரு வழியா மேட்ட எறக்கினேன். கால் சட்டுன்னு சுத்தி ஆளு சாஞ்சுட்டாரு. தாங்கிப் புடிச்சுக் கீழ உக்கார வெச்சு, முந்தானையில மொகத்தத் தொடச்சு விட்டேன்.

'கால எடுத்தாப் போதுமே. ஏன் எறங்கல?'

செவுத்துல சாஞ்சு மூச்சு வாங்கினாரு. அப்பறம் சொன்னாரு, 'நீ எறக்குவேன்னு பாத்தேன்.'

'எப்பருந்து தெரியும்?'

'மொத நாள்ல இருந்து.'

'பின்ன ஏன் கேக்கல?'

'நீயும் கேக்கல.'

ரெண்டு பேரும் அந்த ரப்பர் பாய் மேல உக்காந்திருந்தோம். இனி என்ன, கேட்டுட்டேன். சேதி தெரிஞ்சும் ஏன் மேல ஏறினீங்கன்னு. செவுத்தையே பாத்துட்டிருந்தாரு. 'ஏன்னு தெரியல வசந்தா. எத்தனையோ தடவ நெனச்சுப் பாத்துட்டேன். தெரியல. ஏறிட்டேன். திரும்பி வந்திருக்கோணும்.' அப்ப அந்தச் சிரிப்பு? 'படம் எடுத்தாங்க. சிரிச்சுட்டேன்.'

அவ்வளவுதான் பதிலு. கேட்டுக்கிட்டியா? இதுக்குத்தான் இத்தனை மாசம் பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பொய் சொன்னா திருப்பி அடிக்கலாம். தெரியலன்னு சொல்ற ஆள என்ன பண்ணுவ?

அன்னைக்கு இருந்து நான் ஃபோனத் தொடல. தெரிஞ்சே வாங்கிக்கறவருக்குக் குடுக்கறது தண்டனையா? ஆசீர்வாதம் வாங்கற மாதிரி குனிஞ்சு வாங்கிட்டிருந்திருக்காரு இத்தன நாளா. அதையும் என்கிட்ட இருந்து புடுங்கிட்டாரு. சமதரையாவே விட்டுட்டேன்.

ஒரு வாரம் போச்சு. ஒரு நாள் காலையில ஈரத் துண்டோட சமையல்ரூம்பு வாசல்ல வந்து நின்னாரு. 'இப்பல்லாம் ஏத்த மாட்டேங்கற'ன்னாரு.

'ஏன், பழகிப் போச்சா?'

'மேடு வந்தா, நீ அந்தப் பக்கம் இருக்கேன்னு தெரியும். சமதரையில யாரும் இல்லாத மாதிரி இருக்குது.'

இத்தன வருசத்துல இந்த மாதிரி ஒரு பேச்சு அந்த வாயில இருந்து வந்ததில்ல. நான் தோசைக்கல்லப் பாத்துட்டு, 'தோசை ஆறுது, உக்காருங்க'ன்னேன். ஆனா மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன் அம்மிணி. அவருக்கு மேடு வேணுமா? குடுக்க மாட்டேன். அன்னூர்ல அத்தன பேர் முன்னால நான் ஒத்தையா நின்னேனில்ல, அந்த மாதிரி அவரும் ஓட்டட்டும். வெறும் சமதரை. இந்தப் பக்கம் யாரும் இல்ல. நான் நெனச்சதுல இதுதான் நெசமான தண்டனை, முன்னாலயே தோணாமப் போச்சு. அவரு மூச்சு வாங்கறது இப்ப கேக்கறதே இல்ல. சமையல்ரூம்பே என்னமோ மாதிரி இருக்குது. இருக்கட்டும்.

நேத்து மட்டும் ஒரு தடவ ஏறிருச்சு. கொஞ்சந்தான். மாவுக் கை, ஃபோன எடுத்து வெக்கறப்ப பட்டிருக்கும். உள்ள சக்கரச் சத்தம் மாறினதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அவரு மிதிச்சுட்டே இருந்தாரு. நான் உடனே எறக்கிட்டேன். உடனேன்னா, சட்னி தாளிச்சு எறக்கின பொறவு.

லிஃப்ட் சத்தம் கேக்குது, அவராத்தான் இருக்கும். வந்தா வண்டியப் பத்திக் கேளு, நல்லா சொல்லுவாரு. நான் சொன்னதெல்லாம் சொல்லாத. உன் சைக்கிளுக்கு வா, இந்தக் கறுப்பு வேண்டாம், இது ஃபோன்ல ஏத்தறது. இன்னொண்ணப் பாரு, கையில திருகற மாதிரி இருக்கில்ல, அத வாங்கு. கிறீச்சுன்னாலும் பரவாயில்ல. அவங்கவங்க மேட்ட அவங்கவங்களே திருகிக்கட்டும்.